ஐந்து கிராமில் ஓராண்டு

எண்ணூர்ப் பக்கம் போனால் அனல்மின் நிலையம் எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வானுயர்ந்த புகைபோக்கி, துறைமுகத்திலிருந்து நீளும் கன்வேயர், குன்றுகளாகக் குவிந்த கரி, சாம்பல் குட்டை எல்லாம் தாமே வழி சொல்லும். தூத்துக்குடியிலும் இதே காட்சிதான். கூடங்குளத்தில் இவற்றில் ஒன்றுமில்லை. புதிய உலைகளுக்கான கட்டுமானக் கிரேன்களை விட்டுவிட்டுப் பார்த்தால், கடலோரத்தில் இரண்டு குவிமாடங்கள், சில கட்டடங்கள், அங்கிருந்து கிளம்பும் உயர் அழுத்த மின்கம்பிகள். கரி வந்து இறங்கக் காணோம், சாம்பல் லாரி வெளியேறக் காணோம். அந்த வழியாகப் பேருந்தில் போகிற யாருக்கும் வரக்கூடிய கேள்விதான்: "இதுக்குள்ள என்னதான் எரியுது?"

எதுவும் எரியவில்லை. அணுமின்சாரத்தின் நன்மைகளாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் இந்த ஒரு பதிலிலிருந்து கிளைத்தவை. அதன் ஆபத்தும் இதே வேரிலிருந்துதான் வருகிறது.

எரிதலும் பிளத்தலும்

எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது. ஒவ்வோர் அணுவின் நடுவிலும் மிகச் சிறிய, மிகக் கனமான ஒரு கரு இருக்கிறது. அதுவே அணுக்கரு. அதைச் சுற்றி எலெக்ட்ரான்கள். விறகோ கரியோ எரியும்போது கார்பன் அணுவும் ஆக்சிஜன் அணுக்களும் தம் வெளிப்புற எலெக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கீட்டில் மிஞ்சுவதுதான் நாம் காயும் வெப்பம். இது தெருவாசலில் நின்று பக்கத்து வீட்டாரோடு செய்துகொள்ளும் கைமாற்று. உள்ளறையில் இருக்கும் இரும்புப் பெட்டியை யாரும் தொடுவதில்லை. கார்பனின் கரு எரிவதற்கு முன் எப்படி இருந்ததோ, எரிந்து புகையாய்ப் போன பிறகும் அப்படியே இருக்கிறது.

அந்தப் பெட்டியைத் திறக்க முடியும் என்பது 1938 டிசம்பரில் பெர்லினில் தெரியவந்தது. ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூட்ரான் துகள்களால் தாக்கிப் பார்த்தார்கள். யுரேனியத்தில் பாதி எடையே உள்ள பேரியம் அங்கே கிடைத்தது. அது எப்படி வந்தது என்று அவர்களுக்கே விளங்கவில்லை. நாஜிகளுக்குத் தப்பி ஸ்வீடனில் இருந்த லிஸ மைட்னரும் அவருடைய சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷும் கணக்குப் போட்டு விளக்கினார்கள்: யுரேனியத்தின் கரு இரண்டாகப் பிளந்திருக்கிறது. நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது அறிவியல் வரலாற்றின் பெரிய அநியாயங்களில் ஒன்று.

ஒரு கரு பிளக்கும்போது இரண்டு மூன்று நியூட்ரான்கள் தெறிக்கின்றன. அவை அடுத்த கருக்களைப் பிளக்கின்றன. இதுவே தொடர்வினை. ஒவ்வொரு பிளவிலும் தெறிப்பவற்றில் சராசரியாக ஒன்றே ஒன்று மட்டும் அடுத்த பிளவுக்குப் போகும்படி கட்டுப்படுத்தி வைத்தால் அது மின் உலை. உலைக்கு வெளியே நடப்பது அனல்மின் நிலையத்தில் நடப்பதேதான்: வெப்பத்தில் தண்ணீர் ஆவியாகிறது, ஆவி டர்பைனைச் சுழற்றுகிறது, டர்பைன் ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது.

ஒரு கார்பன் அணு எரிவதால் வரும் ஆற்றலைவிட ஒரு யுரேனியக் கரு பிளப்பதால் வரும் ஆற்றல் ஏறத்தாழ 5 கோடி மடங்கு. இந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டு மேடையில் முழங்குபவர்கள் உண்டு. கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். யுரேனிய அணு கார்பனைப் போல் 20 மடங்கு கனமானது, ஆகவே எடைக்கு எடை பார்த்தால் 25 லட்சம் மடங்கு. உலைக்குள் வைக்கும் எரிபொருளில் நூற்றுக்கு நாலைந்து பங்குதான் உண்மையில் பிளக்கிறது, மற்றது பிளக்காமலே வெளியே வருகிறது. இந்தியக் கரியும் சுத்தக் கார்பன் இல்லை, பாதியளவு வெப்பமே தரும். இதையெல்லாம் கழித்துக் கூட்டினால், உலையில் வைக்கும் எரிபொருள் நம் ஊர் கரியைப் போல் ஏறத்தாழ 2 லட்சம் மடங்கு. இது கழிவு போக நிற்கும் எண். இனி இதை வைத்தே பேசலாம்.

ஒரு வீட்டின் கணக்கு

இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இலவச யூனிட்டுகள் போக மீதிக்குக் கட்டணம் கட்டும் நடுத்தரக் குடும்பம். ஆண்டுக்கு ஆறு பில், 1,500 யூனிட். இந்த 1,500 யூனிட்டை வெவ்வேறு வழிகளில் உண்டாக்கிப் பார்ப்போம்.

முதலில் கரி. இந்திய அனல்மின் நிலையங்களில் ஒரு யூனிட்டுக்கு 700 கிராம் அளவில் கரி தேவை. இந்த வீட்டுக்கு ஓராண்டுக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேல். நம் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரியாத மண், ஆகவே 350 கிலோவுக்குக் குறையாத சாம்பல். வானுக்குப் போகும் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ ஒன்றரை டன். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி என்றால் கரியின் எடை இன்னும் கூடும், ஏனென்றால் அதில் ஈரம் அதிகம், வெப்பம் குறைவு. அதை எடுப்பதற்கு மேலே கிடக்கும் பல மடங்கு மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும். அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்து சூரியத் தகடு. தமிழ்நாட்டு வெயிலில் மாடியில் வைத்த ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு நான்கு யூனிட் சொச்சம் தரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500. மொட்டைமாடியில் 100 சதுர அடி போதும். எரிபொருள் செலவு சுழி. ஒரு வீட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை என்றே நினைக்கிறேன். ஒரு மாநிலத்துக்கு இது மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி, அதற்குப் பிறகு வருவோம்.

கடைசியாக யுரேனியம். கூடங்குளம் உலைக்குள் போவது சுண்டுவிரல் நுனி அளவிலான உருளை. யுரேனிய ஆக்சைடைச் சுட்டுச் செய்த கறுப்பு நிறப் பீங்கான் போன்ற பொருள். இதை வில்லை என்போம். எடை 5 கிராம் அளவில். உலைக்குள் மூன்று நான்கு ஆண்டுகள் இருந்து அது தரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமாகிறது. அந்த மின்சாரம் ஏறத்தாழ 1,500 யூனிட்.

ஒரு வீடு, ஓராண்டு, ஒரு வில்லை.

வில்லைகளை உலோகக் குழாய்க்குள் அடுக்கினால் அது எரிபொருள் கோல். முந்நூற்றுக்கு மேற்பட்ட கோல்களைச் சேர்த்துக் கட்டினால் ஒரு கட்டு. கூடங்குளத்தின் ஓர் உலையில் இத்தகைய 163 கட்டுகள். 1,000 மெகாவாட் உலை ஓராண்டில் 85 சதவீத நேரம் முழு அளவில் ஓடினால் ஏறத்தாழ 745 கோடி யூனிட். நம் கணக்கு வீடுகளில் 50 லட்சம். 50 லட்சம் வில்லை, அதாவது 25 டன். ஒரு பெரிய லாரியின் சுமை. அது ரஷ்யாவிலிருந்து சரக்கு விமானத்தில் வந்து இறங்குகிறது. இதே 745 கோடி யூனிட்டைக் கரியில் எடுக்க 52 லட்சம் டன் வேண்டும், நாளொன்றுக்கு 14,000 டன். சரக்கு ரயில்களில் சொன்னால் தினமும் மூன்றரை ரயில்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை விட்டால் தமிழ்நாட்டில் கரி வளம் கிடையாது. ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டிய கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், கப்பலேறி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறங்குகிறது. அங்கே மழை பெய்து சுரங்கத்தில் தண்ணீர் நின்றால், அல்லது ரயில்பெட்டி கிடைக்காவிட்டால், இங்கே கையிருப்பு எத்தனை நாளுக்கு என்று செய்தித்தாள்கள் எண்ணத் தொடங்கிவிடும். ஓராண்டு எரிபொருளை ஒரு கிடங்கில் பூட்டி வைக்க முடிகிற மின்நிலையத்துக்கு இந்தக் கவலை இல்லை.

யுரேனியத்தின் பக்கமும் ஒரு கழித்தல் இருக்கிறது. அந்த 25 டன்னைச் செய்ய ஏறத்தாழ 200 டன் இயற்கை யுரேனியம் தேவை, தாதுவின் தரத்தைப் பொறுத்து அதற்குப் பல ஆயிரம் டன்னிலிருந்து சில லட்சம் டன்வரை பாறையை வெட்ட வேண்டும். ஜார்க்கண்டின் ஜாதுகுடா சுரங்கம் போன்ற இடங்களில் தாது மிகவும் நீர்த்தது, கழிவுக் குளங்களுக்குப் பக்கத்தில் வாழ்பவர்களின் குறைகள் நெடுங்காலமாக உள்ளவை. அப்படியும் பாறையின் அளவு கரிச் சுரங்கத்தின் அளவை எட்டாது.

மாலை ஏழு மணி

இப்போது சூரியத் தகட்டுக்குத் திரும்பலாம். 50 லட்சம் வீட்டுக்கு 5,000 மெகாவாட் தகடு. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் திறந்த 648 மெகாவாட் சூரியப் பண்ணை 2,500 ஏக்கர். அதைப் போல் எட்டு வேண்டும், ஏறத்தாழ 20,000 ஏக்கர். மாடிகளில் பரப்பினால் இந்த நிலமும் மிச்சம். ஆக இடம் பெரிய தடை இல்லை. மணிதான் தடை.

ஒரு மாநிலத்தின் மின்தேவை நாள் முழுக்க ஏறி இறங்கும். எவ்வளவு இறங்கினாலும் ஓர் அளவுக்குக் கீழே போகாது. மருத்துவமனை, ரயில், நூற்பாலை, குளிர்சாதனக் கிடங்கு, வீட்டு ஃபிரிட்ஜ் இவையெல்லாம் சேர்ந்த அந்த அடித்தளத் தேவையை அடிச்சுமை என்போம். அதன்மேல் மாலையில் ஓர் உச்சம் வரும். 2024 கோடையில் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. மாலை ஆறரைக்குச் சூரியத் தகடு கையை விரிக்கும் நேரத்தில்தான் வீடுகளில் விளக்கும் விசிறியும் ஏசியும் ஓடத் தொடங்குகின்றன.

காற்று இரவிலும் வீசும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்றில் சுழலும் முப்பந்தல் காற்றாலைகள் பெயர் பெற்றவை. மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் காற்றுக்குப் பருவம் மே முதல் செப்டம்பர் வரை. ஆடியில் அம்மியே பறக்கும் என்கிறோமே, தையில் இலைகூட அசையாத நாட்களும் உண்டு. மேட்டூர் நீர்மின்சாரம் காவிரியில் தண்ணீர் வருவதைப் பொறுத்தது, அது வானத்தை மட்டும் பொறுத்ததில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

மாலை உச்சத்தைச் சமாளிக்கப் பேட்டரிகள் வருகின்றன, விலையும் ஆண்டுக்காண்டு இறங்குகிறது. பகலில் தண்ணீரை மேலே ஏற்றி இரவில் கீழே விடும் நீரேற்று நிலையம் கடம்பாறையில் 400 மெகாவாட் அளவில் ஏற்கெனவே இருக்கிறது. சில மணி நேரத்தை இவை தாண்டவைக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆடியின் காற்றைத் தைக்குச் சேமித்து வைக்கும் பேட்டரியை மட்டும் யாரும் கட்டுப்படியாகும் விலையில் இன்னும் செய்யவில்லை. இன்றைக்கு அந்த இடைவெளியை நிரப்புவது கரி. அடிச்சுமையில் கரியின் இடத்தைப் பிடிக்கக்கூடிய, புகையில்லாத, பருவம் பார்க்காத எரிபொருள் யுரேனியம் ஒன்றுதான்.

புகையில்லாத என்பதற்கும் எண் இருக்கிறது. சிமெண்ட், எஃகு, சுரங்கம், போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்து, ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2014இல் போட்ட நடுமதிப்புக் கணக்கில் ஒரு யூனிட்டுக்கு வெளியேறும் பசுங்குடில் வாயு: கரி 820 கிராம், எரிவாயு 490, பெரிய சூரியப் பண்ணை 48, நீர் 24, அணு 12, காற்று 11.

நிறுத்திய பிறகும் நிற்காத வெப்பம்

அப்படியானால் ஏன் பயப்படுகிறோம்? கூடங்குளம் உலைகளை எதிர்த்து இடிந்தகரை மக்கள் கடலில் இறங்கி நின்று போராடியபோது அவர்களை அறியாமையில் பேசுகிறவர்கள் என்று தள்ளிவிட்டவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

எரிவாயு அடுப்பின் குமிழைத் திருகினால் நெருப்பு அந்த நொடியே அணைந்துவிடும். அணு உலையில் தொடர்வினையைச் சில விநாடிகளில் நிறுத்திவிடலாம், வெப்பத்தை நிறுத்த முடியாது. பிளந்த துண்டுகள் நிலையற்றவை. அவை கதிர்வீசித் தணியும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும். இது எஞ்சு வெப்பம். நிறுத்திய கணத்தில் உலையின் முழு வெப்பத்தில் ஆறேழு சதவீதம், ஒரு நாள் கழித்து அரை சதவீதம் அளவு. கூடங்குளம் போன்ற உலையின் முழு வெப்பம் 3,000 மெகாவாட். அதில் அரை சதவீதமே 15 மெகாவாட். அதைத் தொடர்ந்து தணிக்கத் தண்ணீர் ஓடியே ஆக வேண்டும்.

2011 மார்ச் 11 அன்று புகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் முறைப்படி நின்றன. பிறகு வந்த ஆழிப்பேரலை அவசர டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. தண்ணீர் இறைக்க மின்சாரமில்லை. எஞ்சு வெப்பமே மூன்று உலைகளின் எரிபொருளை உருக்கியது. 2004 டிசம்பரில் இதே போன்ற அலை கல்பாக்கத்தைத் தாக்கியது. கடல்நீர் இறைக்கும் பகுதிக்குள் தண்ணீர் புகுந்தது, ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. மின்சாரமும் குளிர்விப்பும் தொடர்ந்தன. வேறுபாடு அவ்வளவுதான், அந்த அவ்வளவுதான் எல்லாமும்.

கூடங்குளம் உலைகளில் மின்சாரமே இல்லாவிட்டாலும் சூடான நீராவி மேலேறி, வெளிக்காற்றில் குளிர்ந்து, தானே கீழிறங்கும் ஏற்பாடு இருக்கிறது. எரிபொருள் உருகினாலும் அதை ஏந்திக்கொள்ள அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. 1986இல் வெடித்த செர்னோபில் உலைக்கு இவையும் இல்லை, மேலே கனமான காப்புக் குவிமாடமும் இல்லை.

உயிர்க் கணக்கு

செர்னோபில்லில் உடனடியாகவும் சில மாதங்களுக்குள்ளும் இறந்தவர்கள் ஏறத்தாழ முப்பது பேர். நெடுங்காலப் புற்றுநோய்களைச் சேர்த்து, அதிகக் கதிர்வீச்சுக்கு உள்ளானவர்களில் 4,000 பேர் வரை இறக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. புகுஷிமாவில் கதிர்வீச்சுக்குப் பலியானதாக ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது ஒருவரை. அவசர அவசரமாக ஊரைக் காலி செய்ததன் விளைவாக, முதியோரும் நோயாளிகளுமாக 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கதிர்வீச்சைவிடக் கலக்கம் அதிகம் கொன்றது.

இவற்றையும் சேர்த்து ஆய்வாளர்கள் போட்ட கணக்கு இது. 100 கோடி யூனிட் மின்சாரத்துக்கு இறப்பவர்கள் கரியில் ஏறத்தாழ 25 பேர், எரிவாயுவில் 3, நீர்மின்சாரத்தில் 1.3. அணுவில் 0.03, காற்றில் 0.04, சூரியனில் 0.02. நீர்மின்சாரத்தின் எண் பெரும்பாலும் ஒரே ஒரு விபத்தால் வந்தது: 1975இல் சீனாவின் பான்சியாவ் அணை உடைந்தது. கரியின் எண் விபத்தால் வந்ததில்லை. நுண்துகளும் கந்தகப் புகையும் நுரையீரலுக்குள் போய் நாளுக்கு நாள் கொல்வது. அதுவும் ஐரோப்பியத் தரவுகளில் எடுத்த எண். இந்தியாவில் கந்தகப் புகையை வடிகட்ட வேண்டும் என்று 2015இல் விதி வந்தது, தள்ளித்தள்ளிப் போட்டு 2025இல் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு விலக்கும் தரப்பட்டது.

நம் 50 லட்சம் வீடுகளுக்கு இந்த எண்களைப் பொருத்தினால், கரிக்கு ஆண்டுக்கு 180 பேர் அளவில். அணுவுக்கு ஐந்தாண்டுக்கு ஒருவர். இந்த 180 பேரின் மரணச் சான்றிதழில் கரி என்று எழுதியிருக்காது. அதனால்தான் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுக்குள் சாம்பல் கசிந்தது மீனவர்களின் பிரச்சினையாகச் சுருங்கிப்போனது, கூடங்குளம் நாட்டின் பிரச்சினையானது.

மிச்சம்

உலையிலிருந்து வெளியே வரும் 25 டன் கொடியது. காப்பில்லாமல் பக்கத்தில் நின்றால் சில நிமிடங்களிலேயே உயிரைப் பறிக்கும் அளவு கதிர்வீச்சு உடலில் ஏறிவிடும். சில ஆண்டுகள் நீர்க்குளத்தில் வைத்துத் தணித்த பிறகும் பல்லாயிரம் ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். இந்தியா அதை எரிபொருளாகவே பார்க்கிறது: பிளக்காமல் மிஞ்சியதையும் உலைக்குள் புதிதாக உண்டான புளூட்டோனியத்தையும் பிரித்தெடுத்து, மீதியைக் கண்ணாடியாக உருக்கி அடைப்பது திட்டம். ஃபின்லாந்து ஒல்கிலுவோட்டோவில் 400 மீட்டருக்கும் மேலான ஆழத்தில் பாறையைக் குடைந்து நிரந்தரக் கிடங்கு கட்டியிருக்கிறது. கூடங்குளத்தின் கழிவு கடைசியில் எங்கே தங்கும் என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி, அதற்குத் தேதியோடு கூடிய பதில் சொல்ல வேண்டியது அரசின் கடமை. ஒப்பிட ஒன்று மட்டும்: அதே மின்சாரத்துக்குக் கரி விட்டுச்செல்லும் சாம்பல் ஆண்டுக்கு 18 லட்சம் டன். அதிலும் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் இருக்கின்றன, அதை யாரும் பூட்டி வைப்பதில்லை.

காசும் காலமும்

அணுமின்சாரத்தின் உண்மையான பலவீனம் கதிர்வீச்சில் இல்லை. கட்டிமுடிக்க ஆகும் காலத்திலும் காசிலும் இருக்கிறது. கூடங்குளத்துக்கு ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் 1988இல் ஒப்பந்தம் போட்டார்கள். கட்டுமானம் 2002இல் தொடங்கியது. முதல் உலை மின்கட்டமைப்பில் இணைந்தது 2013 அக்டோபரில். முதலிரண்டு உலைகளுக்கு 13,171 கோடி ரூபாய் என்று போட்ட மதிப்பீடு 22,462 கோடியாக ஏறியது. ஓடத் தொடங்கிய பிறகும் முதல் உலை ஆரம்ப ஆண்டுகளில் அடிக்கடி நின்றது, நான் மேலே போட்ட 85 சதவீதம் அப்போது எட்டாக்கனி. ஓடும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் வகையான கல்பாக்கத்தின் 500 மெகாவாட் வேக ஈனுலை 2004இல் தொடங்கி, உலை மையத்தை நிரப்பத் தொடங்குவதற்கே 2024 மார்ச் ஆயிற்று. இதற்குள் சூரியத் தகட்டின் விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. ஆகவே பகல் மின்சாரத்துக்கு இனி அணு உலை கட்டுவது பணத்தை விரயம் செய்வது. இரவுக்கும் தை மாதத்துக்கும் கட்டுவதா என்பதுதான் கேள்வி.

வேகமாகக் கட்ட முடியாததில்லை. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1974இல் முடிவெடுத்த பிரான்ஸ், ஒரே வகை உலையைத் திரும்பத் திரும்பக் கட்டி, இருபதாண்டுக்குள் தன் மின்சாரத்தில் பெரும்பங்கை அணுவுக்கு மாற்றியது. ஜெர்மனி எதிர்த்திசையில் போனது. 2023 ஏப்ரல் 15 அன்று கடைசி மூன்று உலைகளையும் மூடிவிட்டது, நிலக்கரிக்கு மட்டும் 2038 வரை சட்டப்படி அவகாசம் வைத்திருக்கிறது. உயிர்க் கணக்கையும் புகைக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மூட வேண்டிய வரிசை இதற்கு நேர் தலைகீழ்.

இந்தியாவின் மின்சாரத்தில் கரியின் பங்கு இன்றும் நூற்றுக்கு எழுபது அளவில். அணுவின் பங்கு மூன்று.